இருதயத்திற்கு ஒரு மாற்று வாய்க்கால்

ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் கடைமடை வயலில் பயிர் வாடி நிற்பதை நம் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். மழை பொய்த்ததனால் வந்த வாட்டமன்று அது. வாய்க்கால் தூர்ந்துபோனதனால் வந்த வாட்டம். மனிதனுடைய இருதயத்திற்கும் இத்தகைய நிலை நேருவதுண்டு. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிந்து, உடல் முழுவதற்கும் இரத்தத்தை இறைத்துக்கொண்டேயிருக்கும் அவ்வுறுப்பின் அறைகளில் இரத்தத்திற்குப் பஞ்சமே இல்லை. ஆயினும், அதன் தடித்த தசைச் சுவர் அறைக்குள் நிறைந்திருக்கும் அவ்விரத்தத்திலிருந்து தனக்கு வேண்டியதை நேராக எடுத்துக்கொள்ள இயலாது. அதற்கென்று வெளிப்புறமாகத் தனி வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவை அடைபட்டால், நிறைந்த ஏரியின் கரையிலேயே பயிர் காய்வதுபோல் இருதயத் தசை வாடி மடிகிறது.

இவ்வாய்க்கால்களுக்குக் கொரோனரி தமனிகள் என்று பெயர். இருதயத்தின் மேல் மகுடம் சூட்டியதுபோல் அமைந்திருப்பதால் மகுடத் தமனிகள் என்றும் சொல்வர். இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடியிலேயே இவை இரண்டும், வலம் ஒன்று இடம் ஒன்றாக, பிரிகின்றன. இடத் தமனி சிறிது தூரம் சென்றதும் இரண்டு கிளைகளாகிறது. ஒரு கிளை இருதயத்தின் முன்புறமாக இறங்குகிறது. மற்றொன்று பக்கவாட்டில் சுற்றிச் செல்கிறது. முன்புறம் இறங்கும் கிளையே மிகப் பெரிய ஆயக்கட்டை உடையது. மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இக்குழாய்களை நம்பித்தான் மனிதன் ஏர் பிடிக்கிறான், மூட்டை சுமக்கிறான், படியேறுகிறான்.

குழாய்கள் ஒரே நாளில் அடைபடுவதில்லை. அவற்றின் உட்சுவரில் கொழுப்பு சிறுகச் சிறுகப் படிந்து, பல ஆண்டுகளில் கெட்டிப்பட்டு, சில இடங்களில் சுண்ணாம்பும் சேர்ந்து கல்போல் ஆகிவிடுகிறது. பீடி, சிகரெட், மிகுந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, உடலுழைப்பின்மை, பரம்பரை ஆகியவை இதனை விரைவுபடுத்துகின்றன. குழாயின் அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் அடைபட்டால் அதனைக் கடுமையான குறுக்கம் என்பார்கள். அந்நிலையில், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாக நடந்தாலோ, கிணற்றில் நீர் இறைத்தாலோ, மார்பின் நடுவில் பாரம் ஏற்றியதுபோல் ஓர் இறுக்கம் தோன்றும். இடக்கைக்கும் தாடைக்கும் பரவுவதும் உண்டு. நின்றால் அடங்கிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூறவேண்டியிருக்கிறது. இவ்வலியை நம் ஊர்களில் 'வாயு' என்று சொல்லி, சுக்குக் கஷாயமோ சோடாவோ அருந்திவிட்டுப் படுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருந்து வருகிறது. உழைக்கும்போது வந்து ஓய்ந்தால் நிற்கும் வலி வாயுவாக இருப்பது அரிது. மேலும், படிந்திருக்கும் கொழுப்பு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாய் முற்றிலும் அடைபடும்போது மாரடைப்பு உண்டாகிறது. அப்போது வலி ஓய்வெடுத்தாலும் நிற்பதில்லை, வியர்த்துக் கொட்டும். அந்நேரத்தில் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசையில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும். 2023-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்யப்பட்டுள்ளது. 108 என்ற எண்ணைக் கூப்பிட்டால் வண்டி வரும். சோடாவுக்கு ஆள் அனுப்பும் நேரத்தில் இதனைச் செய்துவிடலாம்.

மாரடைப்பின் அவசர சிகிச்சை தனி விஷயம். கடுமையாகக் குறுகிப்போன குழாய்களுக்கு ரண சிகிச்சை எவ்வாறு உதவுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பழைய முயற்சிகள்

இருதயத்தைத் தொடுவதற்கே ரண சிகிச்சையாளர் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. 1935-ம் ஆண்டில் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் கிளாட் பெக் என்பவர், மார்புத் தசையில் ஒரு பகுதியை எடுத்து இருதயத்தின்மேல் ஒட்டுவித்தார். ஒட்டிய தசையிலிருந்து புதிய நுண்குழாய்கள் இருதயத்திற்குள் வளரும் என்பது அவருடைய நம்பிக்கை. 1950-ம் ஆண்டில் கனடாவில் மான்ட்ரியல் நகரத்து ஆர்தர் வைன்பர்க் வேறொரு வழியைக் கையாண்டார். மார்பெலும்பின் உட்புறமாக ஓடும் ஒரு தமனியின் நுனியை அறுத்து, இருதயத் தசையில் சிறு சுரங்கம் குடைந்து அதனுள் நுழைத்துவிட்டார். வாய்க்காலை வாய்க்காலோடு இணைக்காமல், வயலின் நடுவில் குழாயைப் புதைத்ததற்கு ஒப்பான வேலை இது. பலர் நகைத்தனர். ஆனால், சில நோயாளிகளிடம் அப்புதைத்த குழாயிலிருந்து கிளைகள் தோன்றி இருதயத்திற்கு இரத்தம் செல்வதைப் பிற்காலத்தில் படம் பிடித்துக் கண்டார்கள்.

அக்காலத்திலேயே மிகவும் பரவிய வேறொரு சிகிச்சையும் உண்டு. அதே மார்பு உட்தமனியை வெறுமனே கட்டிவிடுவது; கட்டினால் அதில் செல்லும் இரத்தம் இருதயத்தின் பக்கம் திரும்பும் என்று எண்ணினர். நோயாளிகளில் பெரும்பாலோர் வலி குறைந்தது என்றும் சொன்னார்கள். 1959-ம் ஆண்டில் லியோனார்ட் காப் என்பவரும் அவருடைய தோழர்களும் 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தனர். எட்டுப் பேருக்குத் தமனியைக் கட்டினர். ஒன்பது பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டனர். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்குத் தெரியாது. இரு சாராரும் ஒன்றுபோலவே சுகம் அடைந்ததாகக் கூறினார்கள்! அத்துடன் அச்சிகிச்சை மறைந்தது. நோய் தீர்ந்தது என்று நோயாளி சொல்வது மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்கு வைத்திய உலகில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் சோதனை இது. வீணாகக் கட்டப்பட்ட அத்தமனியே இன்று இருதயத்திற்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மாற்றுக் குழாயாக விளங்குவது வேடிக்கையன்றோ!

நேர்வழி யாதெனில், அடைப்புக்கு அப்பால் உள்ள நல்ல பகுதியோடு புதிய குழாய் ஒன்றை இணைத்துத் தைப்பதேயாகும். இரத்தக் குழாயோடு இரத்தக் குழாயைக் கசிவின்றித் தைக்கும் முறையை வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு அலெக்ஸிஸ் கேரல். லியோன் நகரத்துச் சித்திரத் தையற்காரி ஒருவரிடம் நுண்ணிய ஊசிவேலையைக் கற்றுக்கொண்டு, 1902-ம் ஆண்டில் தம் முறையை வெளியிட்டார். 1912-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நாய்களின் இருதயத்தில் மாற்றுக் குழாய் பொருத்திய சோதனையையும் 1910-லேயே அவர் எழுதிவைத்தார். மனிதருக்குச் செய்ய இன்னும் இரண்டு வசதிகள் வேண்டியிருந்தன. அடைப்பு எங்கே என்று கண்ணால் காணவேண்டும்; இருதயத்தைச் சற்று நேரம் நிறுத்திவைக்கவேண்டும்.

இரண்டாவது வசதியை 1953-ம் ஆண்டில் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் அளித்தார். அவருடைய இயந்திரம் இருதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டது. முதல் வசதி 1958-ம் ஆண்டில் தற்செயலாகக் கிடைத்தது. கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்பவர் ஒரு நோயாளியின் பெருந்தமனிக்குள் சாயம் செலுத்த முனைந்தபோது, மெல்லிய குழாயின் நுனி வலக் கொரோனரி தமனிக்குள் வழுவிச் சென்றுவிட்டது; சாயம் முழுவதும் அதனுள் பாய்ந்தது. இருதயம் சில வினாடிகள் நின்றேபோயிற்று. நோயாளியை இருமச் சொன்னார், மீண்டும் துடித்தது. ஆபத்து என்று எண்ணப்பட்டது ஒரு புதிய வழியாயிற்று. அன்று முதல் எந்தத் தமனியில் எந்த இடத்தில் எவ்வளவு அடைப்பு என்பதை உயிரோடிருக்கும் மனிதரிடத்தில் படமாகக் காண முடிந்தது.

1960-ல் நியூயார்க் நகரில் ராபர்ட் கோட்ஸ் என்பவர் ஓர் உலோக வளையத்தின் உதவியால் மார்பு உட்தமனியைக் கொரோனரி தமனியோடு இணைத்தார். 1964-ல் லெனின்கிராட் நகரில் வசீலி கோலெசோவ், இயந்திரத்தின் துணையின்றி, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தின்மேலேயே அவ்விணைப்பைத் தையலாகச் செய்துமுடித்தார். எனினும் இச்சிகிச்சையை உலகெங்கும் பரவச் செய்தவர் ஒரு கிராம வைத்தியர்.

பட்டிக்காட்டு டாக்டர்

ரெனே ஃபாவலோரோ 1923-ம் ஆண்டில் அர்ஜெண்டினா நாட்டில் லா பிளாட்டா நகரில் பிறந்தவர். தந்தை தச்சர், தாயார் துணி தைப்பவர். பட்டம் பெற்றபின் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைக்கவிருந்தது. ஆனால் ஆளும் கட்சிக்கு விசுவாசம் தெரிவித்துக் கையொப்பமிடவேண்டும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். 1950-ம் ஆண்டில், லா பாம்பா மாகாணத்தில் ஹசிந்தோ அராவுஸ் என்னும் சிற்றூரில் வைத்தியர் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. சில மாதங்கள் அவருக்குப் பதிலாக இருக்கலாம் என்று போனவர் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தம்பியும் டாக்டர். அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

அவ்வூரில் அவர்கள் செய்த பணி நம் சமூக நல ஊழியர்களுக்கு அந்நியமானதன்று. சிறிய சிகிச்சை நிலையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். ரண சிகிச்சை அறை, எக்ஸ்ரே, பரிசோதனைச் சாலை ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் சுகாதாரம் கற்பித்தனர். ஊர்க் கூட்டங்களில் பேசினர். பிரசவத்தில் காணும் நச்சுக் காய்ச்சல் குறைந்தது. சிசு மரணம் பெரும்பாலும் ஒழிந்தது. இரத்தத்தைச் சேமித்துவைக்க அங்கே வசதியில்லை. ஆகவே இரத்தம் கொடுக்க முன்வந்த ஊராரைப் பதிவு செய்து, வேண்டும்போது அவர்களை அழைத்து இரத்தம் பெற்றனர். ஊரே ஓர் இரத்த வங்கியாயிற்று.

வயது நாற்பதை நெருங்கும்போது, இருதய ரண சிகிச்சையில் நிகழ்ந்துவந்த முன்னேற்றங்களைப் படித்து, 1962-ல் கிளீவ்லாந்துக்குப் புறப்பட்டார். பகலில் ரண சிகிச்சை அறையில் சிறு வேலைகளைச் செய்வார். மாலையில் சோன்ஸ் சேர்த்துவைத்திருந்த கொரோனரிப் படச் சுருள்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார். நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்ததில் அவருக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அடைப்பு பெரும்பாலும் குழாயின் தொடக்கப் பகுதியில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் குழாய் நன்றாகவே இருக்கிறது. அப்படியானால், அடைப்பைத் தொடாமலே தாண்டிச் செல்லலாம் அல்லவா? காலின் உட்புறத்தில் தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரையைச் சிறுநீரகத் தமனி அடைப்புக்குப் பயன்படுத்தும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருந்தது. 1967-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி, வலக் கொரோனரி தமனி முற்றிலும் அடைபட்டிருந்த 51 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அச்சிரையைக் கொண்டு மாற்றுவழி அமைத்தார். பின்னர் எடுத்த படத்தில் புதிய குழாயின் வழியே இரத்தம் தங்குதடையின்றிச் சென்றதைக் கண்டனர்.

இதே காலத்தில் மற்றவர்களும் இத்துறையில் உழைத்து வந்தனர் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1968-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் கிரீன் நுண்ணோக்கியின் துணையால் மார்பு உட்தமனியை முன்புறக் கிளையோடு தைத்தார். ஃபாவலோரோவும் எல்லாப் புகழையும் தனக்கே உரித்தாக்கிக்கொண்டவர் அல்லர். 1971-ல் அமெரிக்காவில் காத்திருந்த வருவாயை விட்டு, தாய்நாடு திரும்பி, அங்கே ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு நிலையத்தை நிறுவினார். 2000-ம் ஆண்டில் மறைந்தார்.

இந்தியாவில் முதல் மாற்றுவழி ரண சிகிச்சை 1975-ம் ஆண்டில் நடந்தது. நடந்த இடம் சென்னைப் பெரம்பூர் இரயில்வே ஆஸ்பத்திரி. செய்தவர் டாக்டர் கே. எம். செரியன்.

இன்று செய்யப்படும் முறை

நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்தபின், மார்பின் நடு எலும்பை நீளவாட்டில் பிளந்து விலக்குகிறார்கள். அதே சமயத்தில் மற்றொருவர் காலிலிருந்து சிரையை எடுக்கிறார். இச்சிரையை எடுத்துவிட்டால் கால் கெட்டுவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். காலில் ஆழமாக ஓடும் வேறு சிரைகள் அவ்வேலையை ஏற்றுக்கொள்ளும்; சில வாரங்கள் வீக்கம் இருக்கலாம், அவ்வளவே. சிரைக்குள் இரத்தம் மேல்நோக்கி மட்டும் செல்லும்படி சிறு கதவுகள் உண்டு. ஆதலால் அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தவேண்டும். இல்லாவிடில் மதகு எதிர்ப்புறமாகச் சாத்திக்கொண்டதுபோல் ஆகிவிடும். சிரையின் ஒரு முனையைப் பெருந்தமனியில் ஒரு சிறு துளையிட்டுத் தைக்கிறார்கள். மறுமுனையை அடைப்புக்கு அப்பால் கொரோனரி தமனியில் தைக்கிறார்கள்.

மார்பு உட்தமனியைப் பயன்படுத்தும்போது இரண்டு தையல் தேவையில்லை. அதன் மேல்முனை இயற்கையாக இருந்த இடத்திலேயே இருக்கும். கீழ்முனையை மட்டும் விடுவித்து, இருதயத்தின் முன்புறக் கிளையோடு இணைத்தால் போதும். இத்தமனியில் கொழுப்புப் படிவது மிக அரிது. பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை திறந்தே இருக்கின்றன. கால் சிரைகளிலோ, அக்காலத்திற்குள் ஏறத்தாழப் பாதி அடைபட்டோ பழுதுபட்டோ போகின்றன. முன்கைத் தமனியையும் சிலருக்கு எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

தையல் போடும் இடத்தில் கொரோனரி தமனியின் அகலம் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். நூல் தலைமயிரைவிடத் தடித்ததன்று. உருப்பெருக்கும் கண்ணாடி அணிந்து, பத்துப் பன்னிரண்டு தையல்களில் ஓர் இணைப்பை முடிக்கவேண்டும். இதற்காகத்தான் இருதயத்தை நிறுத்துகிறார்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்து, இருதய-நுரையீரல் இயந்திரத்தோடு உடலை இணைத்தபின், பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைக் கொரோனரிக் குழாய்களில் செலுத்தினால் இருதயம் அமைதியாக நின்றுவிடும். வேலை முடிந்து வெதுவெதுப்பான இரத்தம் மறுபடியும் பாய்ந்ததும், பெரும்பாலும் தானாகவே துடிக்கத் தொடங்கும். பின்னர் எலும்பை எஃகுக் கம்பிகளால் கட்டி மூடிவிடுவார்கள். கம்பிகள் உடலிலேயே இருந்துவிடும்; அவற்றால் கெடுதலில்லை.

இருதயத்தை நிறுத்தாமலே செய்யும் முறையும் நம் நாட்டில் மிகவும் வழக்கத்தில் இருக்கிறது. தைக்கும் இடத்தை மட்டும் ஒரு கருவியால் அசையாது பற்றிக்கொண்டு, மற்றப் பகுதி துடிக்கும்போதே தைத்துவிடுவர். இதில் கைத்திறன் மிகுதியும் வேண்டும். எந்த முறை எவருக்கு ஏற்றது என்பதை ரண சிகிச்சையாளரே முடிவு செய்யவேண்டும். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று பொதுவாகச் சொல்வதற்கில்லை.

சிலருக்கு, முக்கியமாக நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு, அடைப்பு ஓரிடத்தில் நில்லாமல் குழாய் நெடுகிலும் பரவிக் கிடக்கும். அப்போது மாற்றுக் குழாயை எங்கே இணைப்பது? வாய்க்கால் முழுவதும் தூர்ந்திருந்தால் தூர் வாரத்தானே வேண்டும்! குழாயைக் கீறி, உட்சுவரோடு ஒட்டியிருக்கும் கெட்டிப் படிவை மெல்ல உரித்து, கிளைகளோடு சேர்த்து முழுதாக இழுத்தெடுக்கிறார்கள். வேரோடு பிடுங்கிய செடி போலவே அது வெளிவரும். பின்னர், கீறிய இடத்தின்மேல் மார்பு உட்தமனியையோ சிரையையோ நீளமாகப் பதித்துத் தைக்கிறார்கள். 1956-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சார்லஸ் பெய்லி இத்தூர் வாரும் சிகிச்சையைத் தனியாகச் செய்துபார்த்தார். இன்று மாற்றுவழியோடு சேர்த்தே செய்யப்படுகிறது. உட்சுவர் உரிந்த இடத்தில் இரத்தம் உறையக்கூடும் என்பதால் அபாயம் சற்று அதிகம். வேறு வழியில்லாதபோதே இதனைக் கையாளுகிறார்கள்.

யாருக்கு வேண்டும்?

1977-ல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூன் கொண்டு குழாயை விரித்தார். 1986 முதல் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை உள்ளே நிறுத்தும் முறையும் வந்தது. மார்பைப் பிளக்காமல் முடிந்துவிடுவதால் பலருக்கு அதுவே போதுமானதாயிற்று. ஆயினும் இடப் பெருங்கிளை அடைபட்டவர்கள், மூன்று குழாய்களிலும் சிக்கலான அடைப்பு உள்ளவர்கள் ஆகியோரில் பலருக்கு ரண சிகிச்சையே மேலானது. நீரிழிவோடு பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேரைக் கொண்டு நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்தாண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு 16 பேரும், ரண சிகிச்சை பெற்றவர்களில் 11 பேரும் இறந்தனர். பக்கவாதம் மட்டும் ரண சிகிச்சை பெற்றவர்களிடம் மிகுதி. நூற்றுக்கு ஐந்து பேர், மற்றவர்களில் இரண்டு அல்லது மூன்று பேர்.

மறுபுறத்தில், நிலையான நெஞ்சுவலி உள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2020-ல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, நல்ல மருந்துகளோடு இருந்தவர்களும் உடனே ஸ்டென்டோ ரண சிகிச்சையோ பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உயிர்வாழ்ந்தனர் என்று காட்டிற்று. வலி அடிக்கடி வருகிறவர்களுக்குச் சிகிச்சையினால் வலி குறைந்தது. ஆகவே, 'அடைப்பு இருக்கிறது' என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் நிலத்தை அடகு வைக்க ஓடவேண்டியதில்லை. எந்தக் குழாயில், எவ்வளவு, மருந்தினால் சமாளிக்க முடியுமா, அவசரமா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. படத்தின் நகலை வாங்கிக்கொண்டு வேறொரு டாக்டரிடம் காட்டுவதில் தவறேதுமில்லை. நிலையாக உள்ளவர்களுக்கு முன்னேற்பாட்டோடு செய்யும் ரண சிகிச்சையில் உயிர்ச்சேதம் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை என்பதையும் அறிந்திருத்தல் நலம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள், நோய் வருமுன்பே வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம்.

ஊர் திரும்பியபின்

சுமார் ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். மார்பெலும்பு கூடுவதற்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குதல், மண்வெட்டி பிடித்தல், சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுதல் ஆகியவை கூடா. இருமும்போது ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்வது வலியைக் குறைக்கும். ஆனால் படுத்தே கிடப்பதும் தவறு. முதலில் வீட்டு முற்றத்திலும், பிறகு தெருவிலும், பிறகு வரப்பிலும் நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்டி நடக்கவேண்டும். மூன்று மாதத்திற்குப் பின் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பலர் வயல் வேலைக்கே திரும்பிவிடுகின்றனர்.

ரண சிகிச்சை புது வாய்க்கால் வெட்டுகிறதே தவிர, மண் சேர்வதை நிறுத்துவதில்லை. ஆஸ்பிரின் மாத்திரையையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையையும் ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்தி, ஒளித்துவைத்த பீடியை மறுபடியும் எடுப்பவர்கள்தாம் இரண்டாம் முறை மேசைமேல் வருகிறார்கள். இரண்டாம் முறை மார்பைத் திறப்பது முதல் முறையைவிடக் கடினமானது.

மார்புத் தையலிலோ கால் தையலிலோ சிவப்பு, நீர்க்கசிவு, சீழ் தோன்றினாலும், காய்ச்சல் கண்டாலும், எலும்பு அசையும்போது 'கடக்' என்று ஒலித்தாலும், பழைய நெஞ்சுவலி திரும்பினாலும், அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.